மூத்தவள் யார் பக்கம்?

"மத்ததெல்லாம் பேசி முடிச்சுட்டோம் மேடம். பிள்ளைங்க விஷயத்துலதான் இடிக்குது" என்றான் கண்ணாடி போட்டிருந்தவன்.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தாள். விவாகரத்து பற்றிக் கேட்க வருகிறவர்கள் நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சுவரிடம் பேசுவார்கள். இவர்களோ ஒரே குடையில் வந்து, ஒரே தண்ணீர் பாட்டிலில் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு ஜோடி எதற்குப் பிரிய வேண்டும்? தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"ரெண்டுக்கும் எத்தனை வருஷம் வித்தியாசம்?"

"மூணு" என்றாள் அவள்.

"ரெண்டு" என்றான் அவன்.

வக்கீலம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சண்டை போட வேறு விஷயமா கிடைக்கவில்லை?

"உங்க வீட்டுக்காரர் முதல்ல சொல்லி முடிக்கட்டும்மா."

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. கோபம்தான் என்று எடுத்துக்கொண்ட வக்கீலம்மா, பேச்சைச் சட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

"இங்க பாருங்க. கோர்ட்டு அம்மா ஆசையையும் பாக்காது, அப்பா ஆசையையும் பாக்காது. பிள்ளைங்களுக்கு எது நல்லதுன்னுதான் பாக்கும். நீங்களே ஒத்துப்போனா வேலை சுலபம். மூத்தது அப்பாகிட்ட, சின்னது அம்மாகிட்டன்னு வெச்சுக்கலாமா?"

அதுவரை சாதுவாக இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மூத்தது பொண்ணு மேடம். அவ என்கூடத்தான் இருப்பா."

"ஏன், எனக்குப் பொண்ணு வளர்க்கத் தெரியாதா?"

"உங்களுக்குத் தலை பின்னத் தெரியுமா?"

"கத்துக்கறேன்."

இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தானாம் என்று வக்கீலம்மா மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். வெளியே, "சரி, பிரிக்க வேணாம். ரெண்டு பிள்ளைங்களும் ஒரு வாரம் அங்க, ஒரு வாரம் இங்க" என்றாள்.

"அப்ப பள்ளிக்கூடம்?" என்றாள் அவள்.

"எங்க வீட்டுப் பக்கம்" என்றான் அவன்.

"அங்கயா? பாவம், காலைல பஸ்லயே பாதித் தூக்கம் தூங்குவாங்க."

"உங்க வீட்டுப் பக்கம் மட்டும் என்னவாம்? சாயங்காலம் விளையாட ஒரு மைதானம் உண்டா?"

"அவங்க விளையாட மாட்டாங்க. பாட்டு கத்துப்பாங்க."

"என் பிள்ளைங்க நீச்சல்தான் கத்துப்பாங்க."

தண்ணீர் பாட்டில் அவன் பக்கம் போய்விட்டது. அவள் நாற்காலி ஒரு முழம் நகர்ந்தது. வரும்போது சிரித்த முகமாக வந்தவர்களைத் தன் வாயாலேயே இப்படி ஆக்கிவிட்டோமே என்று வக்கீலம்மாவுக்கு உறுத்தியது. இதற்கு மேல் ஒரே வழிதான் இருந்தது.

"பிள்ளைங்களையே கேட்டுடுவோம். அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன்."

சண்டை சட்டென்று நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுக்கு நாளாகும் மேடம்" என்றான் அவன் தரையைப் பார்த்தபடி.

"ஏன்? இப்ப யார்கிட்ட இருக்காங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

புத்தகப் பையோடு ஏதோ ஒரு பூட்டிய வீட்டு வாசலில் இரண்டு பிஞ்சுகள் நிற்பது வக்கீலம்மாவின் கண்முன் வந்தது. இத்தனை வருஷத் தொழிலில் கட்சிக்காரர்களிடம் குரல் உயர்த்தியதே இல்லை. இன்று உயர்ந்துவிட்டது.

"என்ன பெத்தவங்க நீங்க? வயசு வித்தியாசம்கூட சொல்லத் தெரியல, யார்கிட்டயும் இல்லன்னு கூசாம சொல்றீங்க. உங்க சண்டைக்கு அதுங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க? அதுங்களுக்காகவாவது ரெண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்து பாருங்களேன்."

அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. அவன் பாட்டிலை மெதுவாக அவள் பக்கம் தள்ளினான்.

"அதைத்தான் மேடம் யோசிச்சுட்டிருக்கோம்" என்றான்.

வக்கீலம்மா வாயைத் திறப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தாள்.

"மேடம், இவங்க ரெண்டு பேரோட அப்பா அம்மாவும் வந்து வெளியில உட்கார்ந்திருக்காங்க. முன்கூட்டியே எழுதி வெச்சுக்க வேண்டியதையெல்லாம் இவங்க பேசி முடிச்சுட்டாங்கன்னா, இவங்க கல்யாணத்துக்குத் தேதி குறிச்சிடலாமான்னு கேக்கறாங்க."