மினுக்கல் அண்ணை மணியடித்தார்

இத்தாலியின் பலேர்மோவில் மினுக்கல் அண்ணையின் துணி படாத பித்தளை என்று ஒன்று இருந்தால், அது இன்னும் பூமிக்கு அடியில்தான் இருக்கவேண்டும்.

லிபெர்த்தா வீதியில் பணக்காரர் வீடுகளைத் துப்புரவாக்குவது அவர் வேலை. சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது, அவரே மறந்திருப்பார். காற்சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு மஞ்சள் துணி இருக்கும். ஒரு செத்தவீட்டில் பெட்டியின் கைபிடியை மினுக்கிவிட்டுத்தான் அழத் தொடங்கினார். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் முதலில் பல்கனிக் கண்ணாடிக் கதவிடம்தான் போவார். அதில் என் மகள் அபியின் கை அடையாளம் இல்லாத நாளே இல்லை.

“உன்ரை கையிலை என்ன, பசையோடி?” என்று கேட்டுக்கொண்டே துடைப்பார். அவர் திரும்புவதற்குள் அவள் மறுபடி கை வைப்பாள்.

போன வருடம் துறைமுகத்துக்குச் சீனப் போர்க்கப்பல் ஒன்று வந்தது. யாரும் ஏறிப் பார்க்கலாம் என்றார்கள். அபி துள்ளினாள். ஊர்க் கடலில் போர்க்கப்பல் தெரிந்தால் பதுங்குகுழிக்கு ஓடிப் பழகியவள் நான். இங்கே வரிசையில் நின்று ஏறச் சொல்கிறார்கள்! கணவருக்கு மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தில் வேலை. துணைக்கு அண்ணையைக் கூப்பிட்டேன்.

“பயப்பிடாதை தங்கச்சி. அது சண்டைக்கு வரேல்லை. எங்களைப் போலை ஊர் பாக்க வந்தது.”

வாசல் சோதனையில் அவரது பையிலிருந்து துணியும் ஒரு பழைய பல்லுப் பிரஷும் சின்னப் போத்தலில் பித்தளை துலக்கும் வினாகிரியும் வந்தன. காவலர் போத்தலை மோந்து தும்மினார். அதை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

“வினாகிரிக்கே பயந்தால் பீரங்கிக்கு என்ன செய்வாங்கள்?” என்றார் அண்ணை.

மேலே வெள்ளைச் சீருடையில் மீசை அரும்பாத மாலுமிகள். முன்னால் பீரங்கி, அதன் பின்னால் ஏவுகணைகளை மூடிய தகடுகள் வரிசையாக. ஒருவர் ஆங்கிலத்தில் விளக்கினார். அண்ணை மரியாதையாகத் தலையாட்டிவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

“எல்லாம் சாம்பல் பெயின்ற். மினுக்க ஒண்டுமில்லை. பாவங்கள்.”

அப்போதுதான் மணியைக் கண்டார். கயிற்றுத் தடுப்புக்கு அப்பால், பூசணிக்காய் அளவு பித்தளை மணி. அவர் கை தானாகப் பைக்குள் போனது.

“அண்ணை, தொடாதேங்கோ! பெர்மெஸோ விசாவைப் பறிச்சு எங்களை ஊருக்கு அனுப்பிப் போடுவாங்கள்!”

“தொடேல்லை தங்கச்சி. பாக்கிறன். ஆரோ ஒரு மூதேசி பெருவிரலை வைச்சிருக்கிறான்.”

அவர் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அபி இல்லை.

எங்கும் சனம். சனத்துக்கு அப்பால் கம்பி. கம்பிக்குக் கீழே கடல். கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

“பிள்ளை...” அவ்வளவுதான் முடிந்தது.

அண்ணை கயிற்றைத் தாண்டினார். மணியின் நாக்கில் தொங்கிய வடத்தைப் பிடித்து அடித்தார் பாருங்கள், நேப்பிள்ஸ் போகக் காத்திருந்த கப்பலில்கூட ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைச் சீருடைகள் ஓடி வந்தன. அண்ணை விடவில்லை.

“அபீ! மாமாட்டை ஓடி வா!” அடிக்கு ஒரு கத்தல்.

பின்தளத்தில் ஹெலிகொப்டர் நின்ற பக்கமிருந்து சனம் விலகியது. ஒரு மாலுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் தொப்பி தன் மூக்குவரை இறங்க, அபி வந்தாள்.

“மம்மா, ஏன் அழுறீங்கள்? ஹெலிகொப்டர் பாத்தனான்.”

அவளைக் கட்டிப்பிடித்தபடி தளத்திலேயே இருந்துவிட்டேன். ஓர் அதிகாரி அண்ணையை நோக்கி வந்தார். அண்ணை ஒரு விரலை உயர்த்தி, பொறு என்று காட்டினார். மஞ்சள் துணியை எடுத்து, தன் கை பட்ட இடத்தையும் அந்தப் பெருவிரல் அடையாளத்தையும் துடைத்து, வாயால் ஊதி இன்னொரு முறை துடைத்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தார். அதிகாரி மணியில் தன் முகத்தைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அபி அடுத்த அறைக்குப் போனாலும் நான் இன்னும் பின்னாலேயே போய்ப் பார்க்கிறேன். அண்ணை வழக்கம்போல் வருகிறார். கைபிடி, பூட்டு, கண்ணாடிக் கதவு என்று மினுக்குகிறார். கதவின் கீழ்ப்பக்கம் அபியின் ஐந்து விரலும் பதிந்த ஓர் இடம் உண்டு. கப்பலுக்குப் போய்வந்த நாளிலிருந்து அதைச் சுற்றித்தான் துடைக்கிறார்.

“அண்ணை, இஞ்சை ஒண்டு விட்டிட்டியள்.”

“ஓம் தங்கச்சி,” என்கிறார் துணியை மடித்துக்கொண்டே. “அது கிடக்கட்டும்.”