ஊதுகிற வேலைக்கு ஒரு யானை

ஒரு காட்டில் சதுப்பு நிலம் ஒன்று நாறிக்கொண்டிருந்தது. அந்த நாற்றம் நேராகச் சிங்கத்தின் குகைக்குள் போனது. வேறு யார் வீட்டுக்காவது போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பொறியாளர் குரங்கு ஒரு வழி சொன்னது. மண்ணால் கோபுரம் கட்டி, உள்ளே வினையூக்கியை நிரப்பி, நாற்ற வாயுவை ஊதிவிட்டால் மேலே நல்ல காற்று வரும். வினையூக்கி என்பது தான் துளியும் மாறாமல் மற்றதை மட்டும் மாறவைக்கும் பொருள். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊதும் வேலை யானை வேழமுத்துவுக்குக் கிடைத்தது. தினக்கூலி ஒரு கட்டு கரும்பு. வீட்டில் குட்டிகள் பசியோடு இருந்ததால் யானை உடனே ஒப்புக்கொண்டது.

பொடியாக இருந்தால் வாயு படும் பரப்பு கூடும் என்று, குரங்கு வினையூக்கியை மாவாக இடித்துப் பனைமர உயரத்துக்குத் திணித்திருந்தது. வேழமுத்து கண் பிதுங்க ஊதியது. ஊதிய அழுத்தமெல்லாம் மாவுக்குள்ளேயே தீர்ந்துபோய், மேலே ஒரு கொசுகூட அசையவில்லை.

"உயிர் போகுதுப்பா. கரும்பு திங்க நான் இருக்க மாட்டேன் போலிருக்கு."

குரங்குக்குப் பாவமாக இருந்தது. "தப்பு என்னோடதுதாண்ணே" என்று கோபுரத்தைக் கலைத்தது. உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டியது. மாவைப் பிசைந்து, நடுவில் துளையுள்ள வளையங்களாகச் சுட்டு நிரப்பியது. வாயு இடுக்குகளில் புகுந்து சுலபமாகப் போனது. துளைக்குள்ளும் பரப்பு கிடைத்ததால் நாற்றமும் ஒழிந்தது.

வேழமுத்துவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பார்வையிட வந்த சிங்கத்துக்குக் கரும்பை மென்றுகொண்டே ஊதிக் காட்டியது.

"முன்ன மாதிரி இல்லீங்கய்யா. சும்மா பெருமூச்சு விட்டாலே போதும்."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்றது சிங்கம்.

மறுநாள் அந்த இடத்தில் ஒரு முயல் நின்று துருத்தியை மிதித்துக்கொண்டிருந்தது. கூலி, ஒரு பிடி அருகம்புல்.

குட்டிகளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வேழமுத்து வேலியோரம் நின்று அழுதது. அந்த வழியே சிங்கம் வந்தது. யானை அழுவதைப் பார்த்திருந்த முயல் உடனே மார்பைப் பிடித்துக்கொண்டு, நாக்கைத் தள்ளி, "தனியா முடியலீங்கய்யா" என்று முனகியது. சிங்கம் பதறிப்போய், முயலுக்கு உதவியாள் போட உத்தரவிட்டது.

அரைக்கட்டு கரும்புக்கு வேழமுத்துவே அந்த வேலையில் சேர்ந்தது. முதல் நாள் முயல் அதற்குத் துருத்தியைக் காட்டவில்லை, முனகத்தான் பழக்கியது.

நீதி: அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம், முனகலைக் குறைக்கக் கூடாது.