தேன்குரலோனுக்கு ஒரு நேயர்

வானொலித் தொகுப்பாளர் தேர்வுப் போட்டியில் கலந்துகொள்வது என்று தேன்குரலோன் முடிவு செய்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. அதை மனைவிக்குத் தெரியாமல் செய்வது என்று முடிவு செய்தபோதும் அதே வயதுதான். வயதுக்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

லிஃப்ட் கம்பெனி ஒன்றில் அவசரத் தொலைபேசியைக் கவனிப்பது அவர் வேலை. எங்கேயாவது லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மணி இவர் மேஜையில் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்கள் பயப்படாமல் இருக்கப் பேச்சுக் கொடுக்க வேண்டும். பத்தொன்பது வருடமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தரத்தில் தொங்குகிறவர்களிடம் வானிலை பேசுவார், மாமியார் பேசுவார், மல்லாந்து தூங்குவதன் நன்மைகளைப் பேசுவார். ஒருமுறை ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வக்கீலம்மா ஒருவர், மெக்கானிக் கதவைத் திறந்த பிறகும் வெளியே வரவில்லை. கொஞ்சம் பொறுப்பா, அவர் சொல்லி முடிக்கட்டும் என்றாராம். தேன் குரல் சார் உங்களுக்கு என்று பட்டம் கொடுத்ததும் அவரே. அன்றைக்கு மேலே போன தேன்குரலோன் பிறகு கீழே இறங்கவே இல்லை.

வீட்டில் கதை வேறு. ஊரெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு வீடு வந்து சேரும்போது அவரிடம் ஒரு சொல்கூட மிச்சம் இருக்காது. குழம்பு எப்படி என்றால் "ம்". உங்க அண்ணன் ஃபோன் பண்ணினார் என்றால் "ம்". வீடு தீப்பிடித்து எரிகிறது என்றாலும் அதே "ம்"தான் வரும், கொஞ்சம் நீளமாக. மனைவியின் குரல் அவருக்கு ஃபிரிட்ஜ் சத்தம் மாதிரி. ஓடிக்கொண்டே இருக்கும், காதில் விழாது.

அவள் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். டாக்டர்களின் கையெழுத்தையே தடுமாறாமல் படிக்கிறவள். புருஷன் முகத்தைப் படிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அவர் யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவில்லை. தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, ஷாம்பு பாட்டிலை மைக்காகப் பிடித்துப் பயிற்சி எடுத்தார். இரண்டு முறை மாடித் தொட்டி காலியானது. இவ்வளவு நேரம் உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். அன்றிலிருந்து தினமும் ஒரு தம்ளர் கசப்பு மருந்து வந்தது. கண்ணில் நீர் முட்டக் குடித்தார். கலைக்காகக் கஷ்டப்படாதவன் கலைஞனா?

போட்டி ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸில் ஸ்டாக் எடுக்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லி வைத்தார். லிஃப்ட் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை என்ன ஸ்டாக் என்று கேட்டாள். கம்பிக் கயிறு அளக்கணும் என்றார்.

"நல்லா அளந்துட்டு வாங்க" என்றாள் அவள்.

பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குள் போக வேண்டும். நேரடி ஒலிபரப்பில் ஒரு நேயரோடு நான்கு நிமிடம் பேசி, அவர் குறைக்கு யோசனை சொல்ல வேண்டும். வெளியே மூன்று நடுவர்கள். தேன்குரலோன் உள்ளே போனார். கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. தன் மூச்சே தனக்குக் கேட்கும் அமைதி. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம் நேயரே, உங்கள் தேன்குரலோன். மனசுல என்ன பாரம் இருந்தாலும் இங்க இறக்கி வைக்கலாம்."

"வணக்கம் அண்ணா. எங்க வீட்டுக்காரர் என்கிட்ட பேசவே மாட்டேங்கிறார்."

அந்தக் குரல் இரண்டு காதுகளிலும் ஒரே சமயத்தில் இறங்கியது. தேன்குரலோன் அசந்துபோனார். என்ன குரல் அது! ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு சிரிப்பு, வெளியே வரலாமா வேண்டாமா என்று வாசலில் நிற்கிற மாதிரி. இந்தக் குரலுக்கு முன்னால் தன் குரல் தேனே இல்லை, வெறும் சர்க்கரைப் பாகுதான் என்று அவருக்கே தோன்றியது. இப்படி ஒரு பெண்ணோடு பேசாமல் இருக்கிறவன் என்ன ஜென்மம் என்று உண்மையிலேயே கோபமும் வந்தது.

"வெளியில பேசுவாராம்மா?"

"பேசுவாராம். ஊரே கேக்குது. எனக்குத்தான் கேக்கல."

தேன்குரலோன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் சொல்றதை அப்படியே செய்யுங்கம்மா. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். டிவி கிடையாது, ஃபோன் கிடையாது. உங்க எதிர்ல அவர் உக்காரணும்."

"அரை மணி போதாதா அண்ணா? பாவம், களைச்சு வருவார்."

"ஒரு மணி நேரம். அதுல ஒரு நிமிஷம் குறைஞ்சாலும் அவர் புருஷன் இல்லம்மா, வாடகைக்குக் குடியிருக்கிறவர்."

"மாட்டேன்னுட்டா?"

"தேன்குரலோன் சொன்னான்னு சொல்லுங்க. ஊரே சாட்சி."

"ரொம்ப நன்றிண்ணா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமையும் கம்பிக் கயிறு அளக்கப் போயிருக்கார். வந்ததும் சொல்லிடறேன்."

பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக, லிஃப்டில் மாட்டிக்கொண்டவனின் மனநிலை அவருக்கு விளங்கியது. சிவப்பு விளக்குதான் இருந்தது, பொத்தானைக் காணவில்லை. எட்டு வினாடி அவரிடமிருந்து சத்தமே வரவில்லை. பிறகு தன் மனைவியிடமே, ஊர் கேட்க, "நன்றிம்மா" என்றார்.

முதல் பரிசு ஒரு பல் டாக்டருக்குப் போனது. அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தே பழகியவர். தேன்குரலோனுக்கு இரண்டாம் பரிசு, ஒரு சுவர்க்கடிகாரம். நேயரின் துயரத்தை உள்வாங்கிக்கொண்டு அவர் காத்த அந்த எட்டு வினாடி மௌனம்தான் அன்றைய நிகழ்ச்சியின் உச்சம் என்று நடுவர்கள் பாராட்டினார்கள்.

கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார். மாட்டிக்கொண்டோமே என்ற பயத்தைவிடப் பெரியதாக வேறொன்று நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பதினெட்டு வருடமாக அந்தக் குரல் பக்கத்து அறையில்தான் இருந்திருக்கிறது. அதைக் கேட்க அவருக்கு ஒரு ஹெட்ஃபோன் தேவைப்பட்டிருக்கிறது.

வீட்டுக் கூடத்தில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே போட்டிருந்தன. எப்படித் தெரியும் என்று அவர் கேட்பதற்குள் அவளே சொன்னாள். விண்ணப்பத்தில் அவர் பழக்க தோஷத்தில் வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தார். மூன்று வாரத்துக்கு முன் வானொலி நிலையத்திலிருந்து பேசினார்கள். அவர் கட்டாயம் வருவார் என்று உறுதி சொன்னவள், நேயராகப் பேச ஆள் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறாள்.

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு அந்தக் கசப்பு மருந்து?"

"வயிறு சரியில்லன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவளே முக்காலி போட்டு ஏறிக் கடிகாரத்தை மாட்டினாள். அவர் நாற்காலிக்கு நேர் எதிரே. ஆறு மணிக்கு இருவரும் உட்கார்ந்தார்கள். தேன்குரலோன் தொண்டையைச் செருமிக்கொண்டார். நல்ல தொடக்கம் ஒன்றைப் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தார்.

அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நீங்க பேசுறதைத்தான் ஊரே கேக்குதே. நீங்க கேளுங்க."

ஆரம்பித்தாள். முதலிலிருந்து. அந்தக் குரலில், ஒன்று விடாமல். அவர் இமைக்காமல் கேட்டார். மணி ஏழானபோது அவள் கதையில் அவர்கள் கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.