சராசரிப் பெண்ணாக நியமிக்கப்பட்ட வெண்டெலின்

எங்கள் மலையில் பனியில் சறுக்கும்போது யாராவது விழுந்து காலை ஒடித்துக்கொண்டால், அவரைக் கட்டி, போர்த்தி, மீட்பு வண்டியில் வைத்துக் கீழே இறக்குவது மூன்று பெண்களின் வேலை. மூவரில் மூத்தவள் புர்கி. வண்டி என்றதும் சக்கரத்தை நினைக்க வேண்டாம். அது நீளமான ஒரு தொட்டி. முன்னால் இரண்டு கைப்பிடிகள். கைப்பிடிகளுக்கு நடுவே சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு புர்கி நிற்பாள். பின்னால் தொண்ணூறு கிலோ சுற்றுலா விருந்தாளி ஒருவர் படுத்துக்கொண்டு, தன் காப்பீடு செல்லுமா என்று கேட்டபடியே வருவார்.

போன குளிர்காலத்தில் புர்கியின் கட்டைகளில் விளிம்பு இரும்பு தேய்ந்துபோனது. கண்ணாடி மாதிரி உறைந்த சரிவில் கட்டை பிடிக்கவில்லை. வண்டி அவளையும் இழுத்துக்கொண்டு போய் ஒரு பைன் மரத்தில் மோதி நின்றது. ஒரு கால் ஒடிந்து ஏறிய விருந்தாளி இரண்டு கால் ஒடிந்து இறங்கினார். ஊர்மன்றம் உடனே கூடி, மூன்று பெண்களுக்கும் புதுக் கட்டை வாங்குவது என்று தீர்மானித்தது.

புத்தியுள்ள ஊராக இருந்தால் அன்றைக்கே கடைக்குப் போயிருக்கும். நாங்கள் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டோம். பொதுப்பணத்தில் வாங்கும் எதையும் முறையாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்கலாம் என்று பதில் வந்தது. பதிலுக்குப் பின்னாலேயே, ஏப்ரல் மாதத்தில், 'பலவகைப் பனிகளில் மகளிர் சறுக்குக் கட்டைகளின் தகுதியை ஒப்பாய்வு செய்வதற்கான சிறப்பு உயர்நிலைக் குழு'வும் வந்தது. அதில் மகளிர் யாரும் இல்லை. தலைவர் டாக்டர் எடெல்பெர்ட் ரைனால்டர், அரசவை ஆலோசகர். எங்கள் நாட்டில் அரசர் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆலோசகர்கள் மட்டும் இன்னும் போகவில்லை.

விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் கோர்பினியான் நான்கு ஜோடிக் கட்டைகளைக் கொண்டுவந்து வைத்தான். எந்தக் கம்பெனிக் கட்டை என்று தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், குழு அவற்றின் மேல் கறுப்பு நாடா சுற்றி, ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டது. இதில் தப்பு சொல்ல முடியாது. எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்வார்கள். கோர்பினியானைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஊர்ச் சறுக்குப் பந்தயத்தில் அவன் கம்ப நடுவராக நின்றான். நான் ஒரு கம்பத்தைச் சுற்றாமல் போனேன் என்று கொடியைத் தூக்கிவிட்டான். நான் சுற்றித்தான் போனேன்.

புர்கி ஆலோசகரிடம் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"மேல வாங்க ஐயா. விடிகாலையில கண்ணாடிப்பனி இருக்கும். வெயில் வந்ததும், பனிய அழுத்துற இயந்திரம் ஓட்டின இடத்துல உருட்டுப்பனி. மத்தியானம் கஞ்சிப்பனி. வடக்குச் சரிவுல மட்டும் மாவுப்பனி நாளெல்லாம் கெடக்கும். நாலையும் ஒரே நாள்ல பாத்துட்டுப் போயிரலாம்."

நியாயமான பேச்சுதான். ஆனால் எங்கள் மலைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிட்டால் பட்டமும் கிடையாது, பதவியும் கிடையாது. எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். ஒரு முறை பிஷப்பே மேலே வந்தபோது, "யோவ் லியோபோல்ட், கதவைச் சாத்து, குளுருது" என்றுதான் மலைமேல் சாப்பாட்டுக் குடிசை நடத்துகிறவர் சொன்னார். பிஷப்பும் சாத்தினார்.

ஆலோசகர் எங்கள் மன்ற எழுத்தர் வெண்டெலினைத் தனியே அழைத்தார்.

"அந்த உயரத்துக்கு மேல என்னை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"பேரைச் சொல்லித்தாங்க ஐயா."

"டாக்டர்னு சேர்ப்பாங்களா?"

"சேர்க்க மாட்டாங்க ஐயா. 'ஏய் எடெல்பெர்ட், உன் கட்டைய நவுத்து'ன்னு சொல்லுவாங்க. கோவத்துல இல்ல. பாசமாத்தான்."

ஆலோசகர் மலையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு, அறிவியல் காரணங்களை முன்னிட்டு ஒப்பாய்வு தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள குழந்தைகள் மேட்டில் நடைபெறும் என்று அறிவித்தார். அது ஆயிரம் மீட்டருக்குப் பாதுகாப்பான தூரத்தில், கீழே இருந்தது. ஏப்ரலில் அங்கே பனி இருக்காது, புல்தான் இருக்கும். ஆகவே பனி மலையிலிருந்து லாரியில் இறங்கியது. ஆட்களைக் கம்பியில் தொங்கவிட்டு மலைமேல் ஏற்றும் நாற்காலி லிஃப்ட்டின் மேல்முனையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லிஃப்ட் மூடிய மாதம் என்பதால் என்னை மண்வெட்டியோடு கீழே வரச் சொல்லிவிட்டார்கள். நான்கு வகைப் பனியையும் நான்கு பாத்தியாகக் கொட்டினோம். ஒவ்வொரு பாத்தியின் தலையிலும் பெயர்ப் பலகை நட்டோம். பார்ப்பதற்குக் காய்கறித் தோட்டம் மாதிரி இருந்தது.

அடுத்து, யார் சறுக்கிப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது.

"நான் பாக்குறேன்" என்றாள் புர்கி. "நான்தானே போடப் போறேன்."

"நீங்க கூடாது" என்றார் ஆலோசகர். "இது மகளிர் கட்டை. இதைச் சராசரிப் பெண் ஒருத்திதான் சோதிக்கணும்."

"நான் பொண்ணு இல்லையா?"

"பெண்தான். சராசரி இல்லை. உங்க தொடையைப் பாத்தாலே தெரியுது. தப்பா எடுத்துக்காதீங்க, புள்ளிவிவர நோக்கில் சொல்றேன்."

சராசரிப் பெண் எப்படி இருப்பாள் என்று குழுவின் கையில் குறிப்பு இருந்தது. இன்ன உயரம், இன்ன எடை. வருஷத்தில் ஆறு நாள் சறுக்குவாள். சரிவைப் பார்த்தால் மிதமாகப் பயப்படுவாள். இரண்டு நாள் ஊர்ப் பெண்கள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி அளந்தார்கள். ஒருத்தியும் தேறவில்லை. எங்கள் ஊரில் பெண் குழந்தை நடக்கப் பழகும்போதே கட்டையில்தான் பழகும். ரொட்டிக்கடைக்காரரின் மனைவி எட்டாம் மாதக் கர்ப்பத்தோடு வந்து நின்றாள். சரிவைப் பார்த்தால் பயமா என்று கேட்டார்கள். "எந்தச் சரிவு?" என்று திரும்பிக் கேட்டாள். அவளையும் கழித்துவிட்டார்கள்.

இறுதியில், உயரம் பொருந்தி, எடை பொருந்தி, பயமும் பொருந்தியவர் ஊரில் ஒருவர்தான் இருந்தார். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்த வெண்டெலின்.

"ஐயா, நான் ஆம்பளைங்க."

"அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டோம். மத்ததெல்லாம் பொருந்துதில்லையா?"

"எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளைங்க இருக்குங்க ஐயா."

"சராசரிப் பெண்ணுக்கும் அப்படித்தான்" என்றார் ஆலோசகர்.

ஆகவே வெண்டெலின், மறு உத்தரவு வரும்வரை, மேற்படி ஒப்பாய்வின் நோக்கங்களுக்காகச் சராசரிப் பெண்ணாக நியமிக்கப்பட்டார். தினப்படியும் உண்டு. ஊரில் சிலர் சிரித்தார்கள். படி எவ்வளவு என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

சோதனை நாளன்று நல்ல வெயில். குழுவினர் காலைச் சிற்றுண்டியை முறைப்படி முடித்துவிட்டு வருவதற்குள் நான்கு பாத்தியும் ஒரே கஞ்சியாகிவிட்டது. மாவுப்பனி என்ற பலகைக்குக் கீழே கஞ்சி. கண்ணாடிப்பனி என்ற பலகைக்குக் கீழே அதே கஞ்சி, கொஞ்சம் புல்லோடு.

புர்கி குனிந்து ஒரு கை அள்ளிக் காட்டினாள். "ஐயா, எல்லாம் ஒண்ணாப் போச்சு பாருங்க."

"பலகையைப் பாருங்க அம்மா" என்றார் ஆலோசகர். "பனி மாறும். பலகை மாறாது."

வெண்டெலின் இறங்கினார். ஒன்றாம் எண் கட்டை விறைப்பானது. அதை வளைத்துத் திருப்பக் காலில் பலம் வேண்டும். வெண்டெலின் அதில் நேராகவே போனார். மேடு முடிந்த பிறகும் போனார். கல்லறைத் தோட்டத்து வேலி நிறுத்தியது. 'பயனாளரை மதிப்பதில்லை' என்று ஒன்றாம் எண்ணுக்கு மதிப்பெண் குறைந்தது. இரண்டிலும் நான்கிலும் பக்கவாட்டில் விழுந்தார். மூன்றாம் எண் மெத்து மெத்தென்று இருந்தது. அதில் நின்ற இடத்திலேயே மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டார் ஆலோசகர்.

"விழுந்த மாதிரியே தெரியலைங்க ஐயா."

கண்ணாடிப்பனிப் பாத்தியில் மட்டும் அவர் இறங்கவில்லை. சராசரிப் பெண் உறைந்த சரிவில் இறங்கமாட்டாள், வெயில் வரும்வரை குடிசையில் சூடான சாக்லேட் குடித்துக் காத்திருப்பாள் என்று குறிப்பில் இருந்தது. மற்ற மூன்று பாத்திகளின் மதிப்பெண்ணைக் கூட்டி வகுத்து அங்கே போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் எண், ஒருவர் காலும் படாமலே, கண்ணாடிப்பனியிலும் முதலிடம் பெற்றது.

நாடாவைப் பிரித்தார்கள். உள்ளே இளஞ்சிவப்புப் பூக்கள். ஓரத்தில், 'பெண்ணின் இடுப்பெலும்பைக் கருத்தில்கொண்டு வடிவமைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது.

"என் இடுப்பெலும்ப இதச் செஞ்சவன் எங்க பாத்தான்?" என்றாள் புர்கி.

ஊர்ப்பணம் என்பதால் ஊர்க்கூட்டம் ஒப்புதல் தர வேண்டும். அறிக்கை எழுதி முடிந்ததும், செப்டம்பரில், விருந்தகத்தின் பெரிய கூடத்தில் கூடினோம். சமையலறையில் ரொட்டி உருண்டை போட்ட சூப் கொதிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. ஆலோசகர் அறிக்கையை வாசித்தார். நான்கு வகைப் பனியும் அடுத்தடுத்துப் படுத்திருக்கும் அபூர்வ ஊர் எங்களுடையது என்று அதில் ஒரு வரி வந்தது. விடுதிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

புர்கி மேடைக்குப் போய் மூன்றாம் எண் கட்டையை எடுத்தாள். நுனியை ஒரு கையால் அழுத்தினாள். வெந்த சேமியா மாதிரி வளைந்தது.

"இதப் போட்டுக்கிட்டு கண்ணாடிப்பனியில ஒரு ஆளையும் வண்டியையும் நான் எப்படிப் பிடிக்கிறது? எனக்கு அந்த ஒண்ணாம் நம்பர் போதும். பூவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"உங்க கை சராசரிக் கை இல்லையே அம்மா" என்றார் ஆலோசகர், மிகவும் பரிவாக.

அப்போது கோர்பினியான் எழுந்தான். "புர்கி சொல்றதுதான் சரி. அது வாடகைக்கு எடுக்குற விருந்தாளிங்களுக்குச் செஞ்ச கட்டை. என் கடைச் சாமான், நானே சொல்றேன். அவ கேக்குறத வாங்கிக் குடுங்க."

மூன்றாம் எண்ணுக்கு ஆதரவாக இருப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள்.

விடுதிக்காரர்கள் அந்த அபூர்வ ஊருக்காகத் தூக்கினார்கள். தங்கள் வீட்டிலும் ஒரு பெண் அரசாங்கத்தால் அங்கீகரிக்கப்பட்டதற்காக வெண்டெலினின் மனைவி தூக்கினாள். பாதிரியார், கல்லறைத் தோட்டத்து வேலியை உடைத்த கட்டைக்குத் தன் மனசாட்சி இடம் தராது என்று தூக்கினார். ரொட்டிக்கடைக்காரரின் மனைவி, கைக்குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "பூ அழகாத்தானே இருக்கு" என்று தூக்கினாள். பின்வரிசை முழுவதும், சூப் ஆறுகிறதே என்று தூக்கியது.

நானும் தூக்கினேன். புர்கிக்கு எதிராக இல்லை. புர்கி நல்லவள். கோர்பினியான் ஒரு விஷயம் சரி என்று சொன்னால் அது தப்பாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். கம்பத்தையே சரியாகப் பார்க்கத் தெரியாதவன் கட்டையைச் சரியாகப் பார்ப்பானா?

புர்கி மேடையில் நின்றபடி ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பிறகு சூப் வந்தது. உருண்டை நன்றாக இருந்தது.

ஜனவரியில் மழை பெய்து, ஒரே இரவில் மலை முழுக்க உறைந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் வாசலில் வழுக்காமலிருக்கச் சாம்பல் தூவ லிஃப்ட் அறையிலிருந்து வெளியே வந்தேன். காலில் கட்டை இல்லை, வேகம் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே ஒரு அடி வைத்தேன். முழங்காலுக்குக் கீழே குச்சி முறிகிற சத்தம் கேட்டது.

புர்கி வந்தாள். காலைக் கட்டினாள், போர்த்தினாள், தொட்டியில் படுக்க வைத்து வார்களை இறுக்கினாள். காலில் இளஞ்சிவப்புப் பூக்கள்.

"புர்கி, வேற கட்டை ஒண்ணும் இல்லையா?"

"பழசத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க, வின்சென்ஸ். புதுசு குடுத்தா பழசு ஒப்படைக்கணுமாம்."

"காட்டு வழியாச் சுத்திப் போனா என்ன?"

"அதுல மரம் விழுந்து கெடக்கு. இந்தச் சரிவுதான்." கைப்பிடிகளைத் தூக்கினாள். தொட்டி அசைந்தது. "எந்தக் கையைத் தூக்குன நீ?"

"வலது கை."

"அந்தக் கையால ஓரத்தக் கெட்டியாப் பிடிச்சுக்க."

கட்டை வளைந்தது. பிடிக்கவில்லை. பக்கவாட்டில் நழுவி, ஒரு பனிமேட்டில் இடித்து நின்றோம். மறுபடி நழுவினோம். புர்கியின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு முழுவதும் பின்னால் சாய்ந்து, என்னையும் சராசரிப் பெண்ணையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருந்தது.

நான் விழுந்ததால் லிஃப்ட்டை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் தலைக்கு மேலே நாற்காலிகளில் ஊரே தொங்கிக்கொண்டிருந்தது. விடுதிக்காரர்கள், பாதிரியார், ரொட்டிக்கடைக்காரரின் மனைவி, பின்வரிசை, எல்லாரும் இருந்தார்கள். வெண்டெலின்கூட இருந்தார். புர்கி மூச்சு வாங்க நின்று, நிமிர்ந்து பார்த்துக் கத்தினாள்.

"மேல இறங்குறப்போ பாத்து இறங்குங்க! விழுந்தா உங்களையும் இதே கட்டையிலதான் எறக்கணும்!"

ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள்.