கறுப்புத் திரைக்காரர்

எந்த அலுவலகத்திலும் தலைவலி மாத்திரை வைத்திருப்பவர் ஒருவர் உண்டு. அடுத்தவர் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்து வைத்திருப்பவரும் உண்டு. இப்போது புதிதாக இன்னொருவர் முளைத்திருக்கிறார். கறுப்புத் திரைக்காரர். சர்வர் என்னும் பெட்டி எங்கெல்லாம் மேஜைக்கடியில் முனகிக்கொண்டிருக்கிறதோ, அங்கெல்லாம் இவரைப் பார்க்கலாம்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மவுஸைத் தொடமாட்டார். தொட நேர்ந்தால் பிறர் வீட்டுச் சீப்பைப் போல இரண்டு விரலால் ஓரமாகத் தள்ளிவைத்து, "இதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு" என்பார். பிறகு கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறப்பார். அதில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது, கண் சிமிட்டும் ஒரு சின்னக் கட்டம் மட்டும். எழுத்தில் கட்டளை போட்டால் அது கீழ்ப்படியும்.

உள்ளதைச் சொன்னால், அன்றாடப் பிழைப்புக்கு ஒரு கை விரலில் எண்ணக்கூடிய கட்டளைகள் போதும். எங்கே நிற்கிறோம் என்று கேட்க 'பி.டபிள்யூ.டி.', அங்கே என்னென்ன கிடக்கிறது என்று பார்க்க 'எல்.எஸ்.', வேறு இடத்துக்குப் போக 'சி.டி.', இடம் எவ்வளவு மிச்சம் என்று அறிய 'டி.எஃப்.'. குக்கர் மூடியைச் சரியாகப் பொருத்தக் கற்பது இதைவிடக் கஷ்டம். ஆனால் இதை அவர் வாய்விட்டுச் சொல்வார் என்றா நினைக்கிறீர்கள்? சொல்லிவிட்டால் அப்புறம் அவரை யார் கூப்பிடுவார்கள்?

நான் சர்க்கரை பார்த்துக்கொள்ளப் போகும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இப்படி ஒருவர் அடிக்கடி எழுந்தருளுவார். அங்கே ரிப்போர்ட் அச்சடிக்கும் ஏற்பாடு மூச்சு முட்டி நின்றுவிடும். ஏச்செல்லாம் கவுன்டரில் இருக்கும் பெண்ணுக்கு. முதலாளி ஒருநாள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "அடுத்த தடவை நின்னா நீங்களே ஓட வைக்கணும். இல்லேன்னா அது தெரிஞ்ச ஆளை நான் போட்டுக்கறேன்." பாவம், அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"சார், அதை எனக்கும் கத்துக்குடுங்க சார்" என்று அவரிடமே கேட்டாள்.

"அதுக்கென்னம்மா, தாராளமா! கொஞ்சம் நகருங்க."

கவனித்தீர்களா? கற்றுக்கொள்ள வேண்டியவளை முதல் காரியமாக நாற்காலியிலிருந்து எழுப்பியாயிற்று. இனி அவர் உட்கார்ந்து, நாற்காலியின் உயரத்தைத் தன் வசதிக்கு இறக்கி, விரல்களைச் சொடுக்கி, மவுஸே இல்லாத காலத்தில் ஒரு கம்பெனியையே தனியாளாகத் தூக்கி நிறுத்திய கதையை ஆரம்பித்து, கதை பாதியில் இருக்கும்போதே படபடவென்று எதையோ தட்டி, திரையில் எழுத்துகள் மேலே மேலே ஓட, பிரின்டர் உறுமிக்கொண்டு காகிதத்தைத் துப்ப, கடைசியாக 'கிளியர்' என்று அடித்துத் திரையைப் பளிச்சென்று துடைத்துவிட்டு எழுந்திருப்பார்.

"இவ்ளோதான். ரொம்ப சிம்பிள்."

"என்ன சார் அடிச்சீங்க? ஒண்ணுமே பாக்கலியே."

"பாக்கப் பாக்க வந்துரும்மா."

எப்படி வரும்? பார்க்கத்தான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லையே! சமையல் சொல்லித் தருகிறேன் என்று கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சமைத்து, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வருகிறவரிடம் என்னத்தைக் கற்பது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் அந்த நாள் வந்தது. ரிப்போர்ட் நின்றுவிட்டது. மனைவியை ஆபரேஷனுக்குத் தயாராக வைத்திருக்கிறார்கள், ரத்த ரிப்போர்ட் வந்தால்தான் உள்ளே கொண்டுபோவார்கள் என்று ஒரு மனிதர் கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் முதலாளி. கறுப்புத் திரைக்காரரோ வெளியூர் பஸ்ஸில். அந்தப் பெண் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், கறுப்பு ஸ்கிரீன் திறந்துட்டேன். என்ன அடிக்கணும்?"

"அதும்மா... 'ரீஸ்டார்ட்'னு வரும். அதுக்கு முன்னாடி ஒண்ணு வரும். இல்ல, பின்னாடியா... இருங்க."

தப் தப் என்று சத்தம் கேட்டது.

"என்ன சார் சத்தம்?"

"மடியில இருக்கற பை மேல அடிச்சுப் பாக்கறேம்மா. விரலுக்குத் தெரியுது, வாய்க்கு வரமாட்டேங்குது."

ஆபரேஷன்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸில் இருந்தவர் இறங்கிப்போன குரலில், "மேல பாத்த அம்பு போட்ட கீ இருக்குல்ல, அதை அமுக்கிக்கிட்டே வாங்க. முன்னாடி அடிச்சதெல்லாம் வரும்" என்றார்.

அமுக்கினாள். 'கிளியர்' வந்தது. இன்னொரு முறை, 'எல்.எஸ்.'. இன்னொரு முறை, மறுபடியும் 'எல்.எஸ்.'. பிறகு 'பி.டபிள்யூ.டி.'. பிறகு பழையபடி 'எல்.எஸ்.'. நாங்கள் வாய்பிளந்து பார்த்த படபடப்பெல்லாம் இதுதான்! எங்கே நிற்கிறேன், இங்கே என்ன இருக்கிறது என்று பெட்டியிடம் திரும்பத் திரும்ப விசாரித்திருக்கிறார். அவர் துடைத்தது திரையை மட்டும். பெட்டிக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கடைசியில் 'ரீஸ்டார்ட்' என்ற சொல்லோடு ஒரே ஒரு நீள வரி வந்து நின்றது. எப்போதோ யாரோ அடித்துக் கொடுத்த வரி. மனிதர் இத்தனை நாளும் அம்பை அமுக்கித்தான் அதை எடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் என்டரைத் தட்டினாள். பிரின்டர் உறுமியது. அந்த மனிதர் சூடு ஆறாத காகிதத்தோடு ஓடினார். "பரவாயில்லையே! இனிமே நீங்களே பாத்துக்குங்க" என்றார் முதலாளி. அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும் தாளாத சந்தோஷம்.

இதோடு நான் நிறுத்தியிருந்தால் அவளும் நல்லவள், நீங்களும் நல்லவர். ஆனால் அடுத்த முறை ரத்தம் கொடுக்கப் போனேனே! ஊசி போடும் அக்கா கவுன்டர் பக்கம் வந்து, "அது எப்படிம்மா பண்றே? எனக்கும் சொல்லேன், நீ லீவு போட்டா நாங்க முழிக்கிறோம்" என்று கேட்டார்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது கொஞ்சம் டெக்னிக்கல்க்கா. உங்களுக்கு எதுக்கு? அதான் நான் இருக்கேன்ல."

அவளைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் அப்பா போனை நீட்டி, "இந்தப் போட்டோவை எப்படி அனுப்பறது?" என்று கேட்டாரே, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? வெடுக்கென்று வாங்கி, கட்டைவிரலால் நாலு தட்டுத் தட்டி, "அவ்ளோதான்ப்பா, போயிருச்சு" என்று திருப்பிக் கொடுத்தீர்கள். அவர் இன்னும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.