இடப்பக்கம் இழுக்கும் லாரி

"மறுபடியும் செவுத்துல போய் முட்டுது!" என்று வீட்டு நடையில் மண்டியிட்டபடி கத்தினார் நெகிஷி இசாமு.

முழங்கை நீள ரிமோட் லாரி அது. வாசலிலிருந்து சமையலறைக்கு நேராகப் போகவேண்டியது, பாதி வழியில் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு, சுவரில் மூக்கை வைத்து உறுமிக்கொண்டிருந்தது.

"முட்டட்டும்," என்றாள் மனைவி சயோரி, முள்ளங்கி நறுக்கியபடியே. "ஞாயித்துக்கிழமையோட மாடி அறை எனக்குத்தானே?"

ஒப்பந்தம் அதுதான். குடிவந்து மூன்று மாதமே ஆன அந்தப் புது வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஆற்றங்கரை ரிமோட் லாரிப் பந்தயத்தில் முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் அது இசாமுவின் பட்டறை. வராவிட்டால் சயோரியின் தையல் மெஷின் அங்கே ஏறிவிடும். பொம்மை வண்டிகளுக்கு ஜப்பான் முழுக்கப் பேர்போன ஷிசுவோகாவில் பிறந்துவிட்டு ரிமோட் வண்டியில் தோற்பதே மானக்கேடு. அறையும் கூடவே போனால் மனுஷன் எங்கேதான் போவான், பாவம்!

இசாமு ரிமோட்டின் திருகைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினார். லாரி நேராகச் சமையலறைக்குப் போனது. "பாத்தியா!" என்று துள்ளினார். வாசலுக்குத் திருப்பி ஓட்டினார். அது வலப்பக்கம் பாய்ந்து, செருப்பு அலமாரியில் மோதி, சயோரி ஆபீசுக்குப் போட்டுப்போகும் ஷூவைக் கீழே தள்ளியது.

"இதென்னடி கூத்து? போகும்போது ஒரு குணம், வரும்போது ஒரு குணம்!"

"உங்க அக்கா வளர்த்த வண்டியா?"

இசாமு விடவில்லை. வரும்போது பேட்டரி இறங்கிவிடுகிறது என்று முடிவுகட்டிப் புது பேட்டரி போட்டார். அப்படியேதான். மோட்டார் சூடாகிறது என்று குட்டி விசிறி வைத்தார். காற்று நன்றாக வந்தது. லாரி அதே சுவரில் முட்டியது.

"சேஸிஸே முறுக்கிக்கிட்டிருக்கு," என்று புதன்கிழமை அறிவித்தார்.

"யாருக்கு?"

"லாரிக்குடி!"

மொத்தத்தையும் பிரித்து, அடிச்சட்டமான சேஸிஸைக் கார்பன் தகட்டில் புதிதாகச் செய்தார். திருகை மறுபடி நடுவில் வைத்தார். விட்டார். இடப்பக்கமே போனது. ஐயோ, அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! தபால் அலுவலகத்தில் இருபது வருடம் ஒரு கடிதத்தைக்கூடத் தப்பான பெட்டியில் போடாத மனிதர், நடையில் உட்கார்ந்து அந்த லாரியிடம், "உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலை," என்று கெஞ்சினார்.

கடைசியில் அதற்கு வேண்டியதையெல்லாம் அவரே கொடுத்தார். இடப்பக்கம் கனத்த ஸ்பிரிங். வலப்பக்கம் ஈயக்கட்டி. இடது டயர் மட்டும் ஒரு சுற்றுப் பெரிசு. சனிக்கிழமை மாலை லாரி, நூல் பிடித்தாற்போல் சமையலறை போய்ச் சேர்ந்தது.

"வரும்போது?" என்றாள் சயோரி.

"வரும்போது நான் கையில தூக்கிட்டு வந்துக்குறேன். நொய்நொய்னு கேக்காத."

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் கொடி விழுந்தது. பதினொரு லாரிகள் நேராகப் பாய்ந்தன. பன்னிரண்டாவது லாரி சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. எல்லைக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, சாப்பாட்டுக் கூடாரத்துக்குள் புகுந்து, பன்றிக்கறி சூப் வைத்திருந்த மேசைக் காலில் இடித்துவிட்டு, சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்த சயோரியின் காலடியில் வந்து கவிழ்ந்தது.

"நாளைக்கே மெஷின மேல ஏத்திடலாம்ல?" என்றாள் அவள், வாயில் சோறோடு.

இசாமு லாரியை எடுத்துக்கொண்டு பரிசோதனை மேசைக்கு ஓடினார். அங்கே இருந்தவர் ஹத்தோரி. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளைப் பரிசோதிப்பார். மற்ற நாளில் தச்சு வேலை. லாரியைச் சமதளக் கண்ணாடிப் பலகையில் வைத்து விரலால் தள்ளினார். வலப்பக்கம் உருண்டது. கவிழ்த்துப் பார்த்தார்.

"நெகிஷி-சான், பக்கத்துக்கு ஒரு தினுசு ஸ்பிரிங், ஒரு டயர் பெருசு, ஒண்ணு சிறுசு, ஈயம் வேற. குடிச்சிட்டுப் பண்ணினீங்களா?"

"சத்தியமா இல்ல, ஹத்தோரி-சான்! ஒவ்வொண்ணையும் எங்க வீட்டு நடையில ஓட்டிப் பாத்துத்தான் பண்ணினேன். அங்க நேராத்தான் போச்சு!"

"நானே பாத்தேங்க," என்றாள் பின்னாலேயே வந்த சயோரி. என்ன இருந்தாலும் புருஷனாயிற்றே. "அதுக்கு முன்னாடிதான் போறப்ப இடப்பக்கம் இழுக்கும், வர்றப்ப வலப்பக்கம் இழுக்கும். இவரும் பேட்டரிய மாத்தினார், மோட்டாருக்கு விசிறி வச்சார், சேஸிஸையே மாத்தினார். ஒண்ணுக்கும் மசியல."

ஹத்தோரி லாரியை மெல்லக் கீழே வைத்தார்.

"போறப்ப இடது, வர்றப்ப வலது. அப்படின்னா ரெண்டு தடவையும் ஒரே செவுருதானே?"

இசாமு விரலைக் காற்றில் சமையலறைக்கு ஓட்டி, வாசலுக்குத் திருப்பி ஓட்டிப் பார்த்தார்.

"ஆமா."

"அறை யாருக்குங்கறத அப்புறமா பேசிக்குங்க," என்றார் ஹத்தோரி. "முதல்ல இந்த லாரிய அப்படியே பத்திரமா வைங்க. வீட்டைச் சாய்ச்சுக் கட்டிக் குடுத்தவன் மேல கேஸ் போட, இதவிட நல்ல சாட்சி கிடைக்காது."