இனம் பிரிப்பவரும் அக்காவின் பூச்சியும்

இனம் பிரிப்பவர் என்றொரு பிராணி உண்டு. அருங்காட்சியகத்தின் பின்பக்கத்தில், 'பொதுமக்கள் நுழையக்கூடாது' என்று எழுதிய கதவுக்கு அந்தப்புறம், அந்துருண்டை வாசனைக்கு நடுவே வசிக்கும். இரண்டு கால், மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஏற்றிவிட்ட இன்னொரு கண்ணாடி. ஆளைக் கடிக்காது. ஆனால் உற்றுப் பார்க்கும். கடித்தாலே தேவலை என்று நமக்குத் தோன்றுகிற மாதிரி பார்க்கும்.

அதற்கு என்ன தொழில் என்கிறீர்களா? நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ பிடித்து, ஊசியில் குத்தி, மர டிராயரில் வரிசையாக அடுக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்ட பூச்சிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பது, மைக்ராஸ்கோப்பில் வைப்பது, "ச்சே ச்சே, இது இங்க இருக்க வேண்டியதே இல்ல" என்று சொல்லி அடுத்த டிராயரில் குத்துவது. அவ்வளவுதான். இதற்குச் சம்பளம் உண்டு, நாற்காலி உண்டு, பென்ஷன்கூட உண்டு. அடுத்த தலைமுறையில் இன்னொரு இனம் பிரிப்பவர் வந்து அதே பூச்சியை எடுத்து, "எந்த மடையன் இதை இங்க வச்சது?" என்று கேட்டு, பழைய டிராயரிலேயே திருப்பிக் குத்துவார். பூச்சிக்கு வாயிருந்தால், 'ஐயா, ஏதாவது ஒரு முடிவுக்கு வாங்க' என்று கெஞ்சும்.

எனக்கு எப்படி இவ்வளவு விவரம் தெரியும்? என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் இந்த இனம். அத்தானுடைய துறை விதைப் பூச்சி. ஊசி மூக்கை விதைக்குள் குத்திச் சத்தை உறிஞ்சும் பூச்சி. அரிசி அளவு இருக்கும், பழுப்பாக இருக்கும், ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதான். இதை ஒருநாள் வாய் தவறி அவரிடமே சொல்லிவிட்டேன். அன்றோடு 'மைத்துனன்' என்ற இடத்திலிருந்து என்னைப் பிடுங்கி 'வந்து போகிறவர்கள்' என்ற இடத்தில் குத்திவிட்டார். அதுவரை பூப்போட்ட கோப்பையில் வந்துகொண்டிருந்த காப்பி, விளிம்பு உடைந்த கோப்பையில் வர ஆரம்பித்தது.

ஆமாம், இவர்களுக்கு வீடும் டிராயர்தான். சமையலறையில் ஸ்பூன்களைப் பரப்பிவைத்து, "காம்பைப் பாரு, இது ரெண்டும் ஒண்ணே இல்ல" என்று அரை நாள் பிரிப்பார். பக்கத்து வீட்டு இரட்டைப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காதுமடலை ஆராய்ந்து, "நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா இருக்க வாய்ப்பே இல்ல" என்று சொல்லி அனுப்பிவைத்தார். அவர்கள் அம்மா வந்து கேட்டதையெல்லாம் இங்கே எழுத முடியாது. சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு வாயை வச்சு எப்படிச் சொல்றது?" என்பார்.

இந்த மனுஷனோடு அக்கா எப்படிக் குடித்தனம் நடத்தினாள்? ஒரு பூச்சியை வைத்துத்தான். கல்யாணமான புதிதில், கவனிப்பாரில்லாமல் கிடந்த ஒரு டிராயரில், இதுவரை யாரும் பேர் வைக்காத விதைப் பூச்சி ஒன்று அத்தானுக்கு அகப்பட்டது. உணர்கொம்பின் நுனி மட்டும் வெள்ளை. உலகத்திலேயே அப்படி ஒன்றே ஒன்று. அதற்கு அக்கா பேரை வைத்துவிட்டார். ஒரு பேர் எந்தப் பூச்சியைப் பார்த்து வைக்கப்பட்டதோ அதை 'மூல மாதிரி' என்பார்கள்; பின்னால் எந்தச் சந்தேகம் வந்தாலும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த மூல மாதிரியைப் பெரிதாகப் படம் எடுத்து, சட்டம் போட்டு, அக்கா கூடத்தில் மாட்டியிருந்தாள். வீட்டுக்கு வரும் சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்து அலறும். அவளுக்கென்ன?

"வளையல் யாருக்கு வேணா வாங்கிப் போடலாம்டா. என் பேரு உலகம் இருக்கிற வரைக்கும் இருக்கும்" என்பாள். அதற்குப் பிறகு அவரிடம் அவள் எதையும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அத்தான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் அக்கா.

"உன் பூச்சியை மறுபடி எடுத்துப் பார்த்தேன்."

"நல்லா இருக்கா?"

"இல்ல. அதாவது... அப்படி ஒண்ணு இல்லவே இல்ல."

விஷயம் இதுதான். ஆபீசுக்குப் புதிதாக ஒரு விளக்கு வந்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில் பார்த்தால் பூச்சியின் கழுத்தில் ஏதோ மினுங்குகிறது. கோந்து! எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவானோ டிராயரைக் கீழே போட்டு, பூச்சிக்குத் தலை கழன்று, மேலதிகாரி வருவதற்குள் கைக்குக் கிடைத்த வேறொரு தலையை எடுத்து ஒட்டிவிட்டுக் கமுக்கமாகப் போயிருக்கிறான். தலை ஒருத்தருடையது, உடம்பு இன்னொருத்தருடையது. அந்த உடம்போ ஏற்கெனவே பேர் உள்ள ஒரு பூச்சியினுடையது. ஒரே பூச்சிக்கு இரண்டு பேர் இருந்தால் முதலில் வைத்த பேர் நிற்கும், பின்னால் வைத்த பேர் போய்விடும். அவர்கள் உலகத்துச் சட்டம் அப்படி.

"அந்த முதல் பேரு யாரோடது?" என்றாள் அக்கா.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் காலத்துல பூச்சி சேர்த்தவர் ஒருத்தர். அவருக்கு ரொம்பப் பிரியமான..."

"பெண்டாட்டியா?"

"நாய்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது; அடக்கிக்கொண்டேன். "நீ சும்மா இருடா" என்றாள் அக்கா, நான் வாயே திறக்காதபோது.

"அப்போ செத்துப்போன ஒரு நாய்க்காக என் பேரைத் தூக்கப் போறீங்க?"

"நான் எங்க தூக்கறேன்? ஆதாரம் தூக்குது."

"பேசாம மூடி வச்சுட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. கொஞ்சம் மரியாதையும் வந்தது. மரியாதை வந்துவிட்டதே என்று இன்னும் கோபம் வந்தது.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. விடுவிடுவென்று உள்ளே போய்க் கல்யாணப் போட்டோவை எடுத்துவந்தாள். மேஜை விளக்கை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"இதுதான் நான் கட்டிக்கிட்ட ஆளு. மூல மாதிரி. இதுல தலை நிறைய முடி இருக்கு. இங்க?"

அத்தான் தடவிப் பார்த்தார். "காணோம்."

"இதுல இடுப்புன்னு ஒண்ணு இருக்கு. இங்க?"

"எங்கேன்னு சொல்றது கஷ்டம்."

"இதுல சிரிப்பு இருக்கு. இங்க?"

அவருக்கு இது கேலி என்றே படவில்லை. போட்டோவை வாங்கி, நெற்றிக் கண்ணாடியை இறக்கி, போட்டோவையும் நிலைக்கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் கவலை படர்ந்தது. "மூணு வித்தியாசம் இருக்கு. மூணு போதும். இது வேற இனம்தான்."

"வேற ஆளுக்கு என் ரூம்ல என்ன வேலை?"

நீங்களாக இருந்தால் சமாதானம் பேசியிருப்பீர்கள். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போய்விட்டார்! ஆதாரம் என்று வந்துவிட்டால் தன்னையே விடமாட்டார். மறுநாளிலிருந்து அவருக்கும் விளிம்பு உடைந்த கோப்பைதான். எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

ஒரு வாரம் அப்படியே ஓடியது. கூடத்துப் படத்தை அக்கா கழற்றவுமில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அத்தான் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவந்தார். "தலை! தலை!" என்று தெருமுனையிலிருந்தே கத்தல். யாருக்கோ மண்டை உடைந்துவிட்டது என்று எதிர்வீட்டுக் கம்பவுண்டர் பஞ்சும் மருந்துமாக ஓடிவந்துவிட்டார்.

"நாய் பேரு உடம்புக்குத்தானே? தலைக்குப் பேரே கிடையாது! வெள்ளைக் கொம்பு தலையிலதானே இருக்கு! மூல மாதிரியில ரெண்டு பூச்சி ஒட்டியிருந்தா, பேரை ஒரு பாகத்துக்கு மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தைத் தள்ளிடலாம். சட்டத்துல இடமிருக்கு. தலை உனக்கு!"

"தலை மட்டுமா?"

"இப்போதைக்குத் தலை மட்டும்தான். அதோட உடம்பை இனிமேதான் தேடணும்."

அக்கா சற்று யோசித்தாள். "தலை போதும். உடம்பை நாயே வச்சுக்கட்டும்." சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நான் கீழ வரலாமா?"

"எங்க, சிரிங்க பார்ப்போம்."

அத்தான் சிரித்தார். பல்வலிக்காரர் மாதிரிதான் இருந்தது. அக்கா போட்டோவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு ஒத்துப்போகுது. தலையணையை எடுத்துட்டு வாங்க" என்றாள். கம்பவுண்டர் பஞ்சைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

இப்படியும் ஒரு பிராணியா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு காலத்தில் தினம் ஒரு தரமாவது பேசாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராத அந்தச் சிநேகிதரை, எப்போதோ ஒருநாள் 'வேண்டாதவர்கள்' டிராயரில் குத்தி மூடிவிட்டீர்களே, எதற்காக? உங்களைப் பற்றி ஏதோ சொன்னாராம். நீங்கள் காதால் கேட்டீர்களா? இல்லை, யாரோ வந்து சொன்னார்கள். சரிதான், உடம்பு அவருடையதுதான். அதன்மேல் ஒட்டியிருக்கும் அந்தப் பேச்சு, அந்தத் தலை, யாருடையது? கழுத்துப் பக்கம் ஒரு தடவையாவது விளக்கைப் பிடித்துப் பார்த்தீர்களா? என் அத்தானாவது, தலையணை மாடிக்குப் போனாலும் போகட்டும் என்று பார்த்தார்.